ஃபேன்டசி பேஸ்பால் ஏலத்தில் ஒற்றை டாலரின் இடம் – ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்: கட்டுரையைப் படிக்காதவர்களுக்காக எழுதப்படுவது சுருக்கம். அதைக் கொடுத்துவிட்டால் கட்டுரையை யாரும் படிக்க மாட்டார்கள் என்பதால் கொடுக்கப்படவில்லை.

திறவுச்சொற்கள்: டாலர், மிச்சம், பிட்சா, பெருமூச்சு.

மனிதன் தோன்றிய காலந்தொட்டே ஏலமும் இருந்துவருகிறது என்று ஆரம்பிப்பதுதான் ஆய்வுக் கட்டுரை மரபு. ஆதிமனிதனுக்கு பேஸ்பால் தெரியாது என்பதால் இவ்வாய்வு வேறு வழியின்றி 1960-இல் தொடங்குகிறது. அந்த ஆண்டு ஹார்வர்டில் வில்லியம் கேம்சன் என்ற சமூகவியலாளர் சகாக்கள் சிலரைச் சேர்த்துக்கொண்டு ஒரு விளையாட்டைத் தொடங்கினார். களத்தில் ஆடும் நிஜ வீரர்களை இவர்கள் தங்களுக்குள் பங்கு போட்டுக்கொள்வார்கள். சீசன் முடிந்ததும் அந்த வீரர்களின் ஆட்டக் கணக்கைக் கூட்டிப் பார்த்து யார் ஜெயித்தார் என்று முடிவு செய்வார்கள். இதற்கு அவர் சூட்டிய பெயர் ‘பேஸ்பால் செமினார்’. சூதாட்டம் என்ற பேச்சு வந்துவிடக் கூடாதே என்ற முன்னெச்சரிக்கை. கருத்தரங்கு என்று பலகை மாட்டிவிட்டால் உள்ளே என்ன நடக்கிறதென்று எவரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள் என்பது அந்தச் சமூகவியலாளருக்குத் தெரிந்திருக்கிறது. நம் ஊரிலும் இது நிரூபணமான உண்மைதான். கட்டுரை வாசிக்க வந்தவரே தன் முறை முடிந்ததும் சான்றிதழைக் கையில் வாங்கிக்கொண்டு சாப்பாட்டுக் கூடத்துக்குப் போய்விடுகிறார்.

செமினார் மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்கும் பரவியது. அங்கே அதை ஆடிவந்த ராபர்ட் ஸ்க்லார் என்ற ஆசிரியர் வழியாக டேனியல் ஓக்ரென்ட் என்ற மாணவரின் காதில் விழுந்தது. பின்னாளில் எழுத்தாளராகவும் பதிப்பாசிரியராகவும் ஆன ஓக்ரென்ட், 1979-இன் கடைசியில் புதிய விதிகளை வகுத்து, 1980 சீசனில் நண்பர்களோடு முதல் லீகை ஆடினார். அவர்கள் கூடிப் பேசிய மன்ஹாட்டன் உணவகத்துக்கு லா ரொட்டிசெரி ஃபிரான்சேஸ் என்று பெயர். அதனால் ஃபேன்டசி பேஸ்பாலின் இந்த வடிவத்துக்கும் ரொட்டிசெரி என்றே பெயர் நின்றுவிட்டது. பேஸ்பாலுக்கும் வாட்டிய கோழிக்கும் உள்ள தொன்மையான உறவைத் தேடி முனைவர் பட்டம் வாங்கப்போகிறவர் இந்த வரியைத் தாராளமாக மேற்கோள் காட்டலாம்.

தான் உருவாக்கிய அந்த லீகை ஓக்ரென்ட் ஒருமுறைகூட வென்றதில்லை. நூலாசிரியருக்கு நூல் விளங்கவில்லை, எமக்குத்தான் விளங்கியது என்று உரையாசிரியர்கள் காலங்காலமாகச் சொல்லிவருவதற்கு இதைவிடப் பலமான சான்று கிடைக்காது.

ஆய்வு எல்லை: பொதுவழக்கில் 12 பேர் கொண்ட லீக். ஆளுக்கு 260 டாலர். அதற்குள் 14 பேட்டர் (மட்டை பிடிப்பவர்), 9 பிட்சர் (பந்து வீசுபவர்), ஆக 23 வீரர்களை ஏலத்தில் எடுத்தாக வேண்டும். ஐபிஎல் ஏலம் பார்த்துப் பழகியவர்கள் ஒன்றை மறந்துவிடக் கூடாது. அங்கே 25 இடத்தையும் நிரப்பாமல், கையில் பணத்தோடு சிரித்துக்கொண்டே எழுந்து போகலாம். இங்கே 23 என்றால் 23. ஓர் இடம் காலி என்றாலும் அணி செல்லாது. குறைந்தபட்ச ஏலம் ஒரு டாலர். இதிலிருந்து பிறப்பதுதான் துறையின் ஒரே தேற்றம்: ஒருவர் கேட்கக்கூடிய உச்ச விலை, கையிருப்பிலிருந்து நிரப்ப வேண்டிய மற்ற இடங்களைக் கழித்தால் வருவது. முதல் வீரருக்கு 260-இல் 22 போக 238 டாலர் வரை போகலாம். அப்படிப் போனவர் மிச்சமுள்ள 22 பேரையும் தலைக்கு ஒரு டாலருக்கு எடுத்துக்கொண்டு, ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை வேறு பொழுதுபோக்கைத் தேடிக்கொள்ளலாம்.

கருதுகோள்: முடிவுரை எழுதிய பிறகு எழுதப்படும். எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். நாம் அதை வெளியே சொல்கிறோம்.

இனி முன்னாய்வுகள். பட்ஜெட் போடும் முறையில் நான்கு மரபினர் உளர். நட்சத்திரவாதிகள் நான்கு பெரிய ஆட்களுக்கு 180 டாலரைக் கொட்டிவிட்டு, மீதி 80-இல் 19 பேரைத் தேற்றுவார்கள். சமபந்தியார் எவருக்கும் 11 டாலருக்கு மேல் வைக்க மாட்டார்கள். கணக்குப்படி 253 டாலர் செலவாகி 7 மிஞ்சும். நடைமுறையில் பாதி வீரர்கள் கைநழுவிப்போய் 90 மிஞ்சும். மூன்றாம் மரபு ரான் ஷாண்ட்லர் என்ற வல்லுநர் வகுத்த லீமா: பிட்சர்களுக்கு 60 டாலர், பேட்டர்களுக்கு 200. நான்காமவர் ஒன்பது பிட்சரையும் ஒன்பது டாலருக்கு முடித்துவிடும் துறவிகள். இவர்களைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை.

பிட்சர் மேல் ஏன் இந்த அவநம்பிக்கை என்றால், காரணம் முழங்கை. பந்தைத் தோளுக்கு மேலிருந்து மணிக்கு 95 மைல் வேகத்தில் எறிவதற்காக மனித முழங்கை படைக்கப்படவில்லை. 1974-இல் ஃபிராங்க் ஜோப் என்ற மருத்துவர் டாமி ஜான் என்ற பிட்சரின் மணிக்கட்டிலிருந்து தசைநாணை எடுத்து முழங்கையில் வைத்துத் தைத்தார். அன்றிலிருந்து அந்தச் சிகிச்சைக்கே அந்த வீரரின் பெயர். செய்துகொண்டவர் திரும்பிவர ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும். 35 டாலர் கொடுத்து எடுத்த பிட்சர் ஏப்ரல் மாதமே முழங்கையைப் பிடித்துக்கொண்டு மைதானத்தை விட்டு நடக்கும் காட்சியைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்களுக்கு லீமாவை விளக்க வேண்டியதில்லை.

ஆகவே பேட்டருக்கு எவ்வளவு, பிட்சருக்கு எவ்வளவு என்பதே துறையின் ஆதிச் சர்ச்சை. 70:30 என்பது ஒரு கட்சி. 67:33 என்பது இன்னொரு கட்சி. 70 விழுக்காடு என்றால் 182 டாலர். அதை 14 பேட்டருக்கு வகுத்தால் தலைக்குச் சரியாக 13. மீதியே இல்லாமல் வகுபடுவதைக் கண்ட அறிஞர்கள் கண்ணீர் மல்குகிறார்கள். பிட்சர் பக்கம் 78-ஐ 9-ஆல் வகுத்தால் 8.67 வருகிறது. கண்ணீர் நின்றுவிடுகிறது.

தசமப் புள்ளியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஏலத்தில் முழு டாலரில்தான் கேட்க முடியும். ஆனால் வல்லுநர்களின் விலைப்பட்டியலில் ஒரு வீரரின் மதிப்பு 17.43 என்று அச்சாகியிருக்கும். அவர் அடுத்த ஆறு மாதம் நன்றாக ஆடுவாரா என்பது அவருடைய பயிற்சியாளருக்கே தெரியாது. பட்டியலுக்கு மட்டும் காசு சுத்தமாகத் தெரியும். 17-க்கு எடுத்தவர் 43 சென்ட் லாபம் என்று ஓரத்தில் குறித்துக்கொள்கிறார். சீசன் முடிவில் அந்த 43 சென்ட்டை எந்தக் கவுண்டரில் வாங்கிக்கொள்வது என்று கேட்டால், முறையியல் தெரியாதவன் என்கிறார்கள். தொல்லியல் மேட்டில் கிடைத்த பானை ஓட்டின் வயதைப் பிறந்த கிழமையோடு சொல்லும் பெரியவர்கள் நம்மிடையேயும் உண்டு என்பதால் இதை இத்துடன் விட்டுவிடுகிறோம்.

பொருளியல் இத்துறைக்கு அளித்த கொடைகள் இரண்டு. 1971-இல் எண்ணெய் நிறுவனப் பொறியாளர்கள் மூவர், மெக்சிகோ வளைகுடாவில் கடலடி நிலத்தை ஏலம் எடுக்கும் கம்பெனிகள் ஏன் நஷ்டப்படுகின்றன என்று ஆராய்ந்தார்கள். அடியில் எவ்வளவு எண்ணெய் இருக்கிறதென்று எவருக்கும் தெரியாது. எல்லோரும் குத்துமதிப்பாகக் கேட்கிறார்கள். எவருடைய குத்துமதிப்பு மிக அதிகமோ அவருக்கு நிலம் கிடைக்கிறது. எனவே ஜெயித்தவர்தான் ஏமாந்தவர். இரண்டாவது, பொருளியலாளர் வில்லியம் விக்ரி 1961-இல் காட்டியது: குரல் ஏலத்தில் ஜெயித்தவர் தன் மனத்தில் வைத்திருந்த விலையைக் கொடுப்பதில்லை, தனக்கு அடுத்தவர் விட்ட இடத்துக்கு ஒரு படி மேலே கொடுக்கிறார். நம் ஏலத்தில் அந்த ஒரு படி என்பது ஒரு டாலர். இரண்டையும் சேர்த்துப் படித்தால், இரண்டாவது ஏமாளியைவிட ஒரு டாலர் கூடுதலாக ஏமாந்தவரே வெற்றியாளர். நோபல் பரிசு இதைவிட எளிய உண்மைகளுக்கும் கொடுக்கப்பட்டிருக்கிறது.

இங்கே ஒரு தத்துவச் சிக்கலைக் கடந்தாக வேண்டும். 2018-இல் அமெரிக்காவுக்கு ஆட வந்த ஷோஹெய் ஓட்டானி பந்தும் வீசுவார், மட்டையும் பிடிப்பார். பட்ஜெட்டில் அவர் ஒருவரா, இருவரா? சில லீகுகள் துவைதம்: பேட்டர் ஓட்டானி வேறு, பிட்சர் ஓட்டானி வேறு, இருவரையும் இரண்டு பேர் தனித்தனியாக ஏலம் எடுக்கலாம். சில லீகுகள் அத்வைதம்: ஆள் ஒருவரே, அடித்தாலும் எறிந்தாலும் எல்லாம் ஒரே கணக்கில். மூன்றாவது விசிஷ்டாத்வைதம்: ஆள் ஒருவர்தான், ஆனால் இன்றைக்கு அவரை மட்டையாகப் பாவிப்பதா, பந்தாகப் பாவிப்பதா என்று வாங்கியவர் முன்கூட்டியே சங்கல்பம் செய்ய வேண்டும். 2024-இல் முழங்கை அறுவைச் சிகிச்சையிலிருந்து மீண்டுகொண்டிருந்த அவர் ஆட்டத்தில் பந்தே வீசவில்லை. 54 ஹோம் ரன் அடித்து, 59 பேஸ் திருடினார். ஒரே உடம்பில் ஒரு ஜீவன் மோட்சம் போக, மற்றது மருத்துவ விடுப்பில் இருந்தது. அவருக்கும் டாட்ஜர்ஸ் அணிக்கும் பத்து ஆண்டுக்கு 70 கோடி டாலர் ஒப்பந்தம். அதில் 68 கோடியைப் பிற்பாடு வாங்கிக்கொள்வதாக ஏற்பாடு. ஃபேன்டசி ஏலத்தில் 40 டாலருக்குக் கேட்டுவிட்டு, 38-ஐப் பிறகு தருகிறேன் என்று சொல்லிப் பாருங்கள்.

வருஷா வருஷம் வீரர்களைத் தக்கவைத்துக்கொள்ளும் லீகுகளில் பணவீக்கம் ஏற்படும். ஏற்படட்டும்.

இப்போது இக்கட்டுரையின் மையப்பொருளுக்கு வருகிறோம். ஏலம் நான்கு மணி நேரம் ஓடிய பிறகு, அறையில் காற்றே கனத்துப்போன ஒரு கட்டம் வரும். எல்லோரிடமும் நிரப்ப இரண்டு மூன்று இடங்கள். இடத்துக்கு ஒரு டாலர் வீதம் பணம். மூன்று இடத்துக்கு மூன்று டாலர் வைத்திருப்பவரின் உச்ச விலை ஒன்று. இவரைக் குடிமகன் என்போம். ஒரே ஒருவரிடம் மட்டும் மூன்று இடத்துக்கு நான்கு டாலர் இருக்கிறது. அவரால் “இரண்டு” என்று சொல்ல முடியும். வேறெவராலும் முடியாது. இந்த நிலையை ‘இரண்டு டாலர்ப் பேரரசு’ என்று இவ்வாய்வாளர் பெயரிடுகிறார் (காண்க: இதே கட்டுரை, இதே பத்தி).

பேரரசின் நீதிமுறை வருமாறு. குடிமகன் ஒருவர் தன் முறையில் எழுந்து, மூன்று மணி நேரமாகப் பட்டியலின் ஓரத்தில் பென்சிலால் சுழித்து ஒளித்துவைத்திருந்த ஒரு பெயரை உச்சரிக்கிறார். உற்சாகம் காட்டிவிடக் கூடாது. தொண்டையைச் செருமி, ஏதோ வேறு ஆளே கிடைக்காததுபோல், “ஒரு டாலர்” என்கிறார். அறையில் பதினோரு தலைகளும் ஒரே திசையில் திரும்புகின்றன. பேரரசர் விலைப்பட்டியலைப் புரட்டுகிறார். ஏலம் கூறுபவர் “ஒரு தரம்” என்கிறார். பேரரசர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார். “இரண்டு தரம்.” காதைச் சொறிகிறார். சொறிந்தது ஏலக் குறிப்பா என்று கூறுபவர் நிறுத்திக் கேட்கிறார். இல்லையாம். குடிமகனுக்கு உயிர் திரும்புகிறது.

பேரரசர் ஏன் சொல்லவில்லை? சொன்னால் பேரரசு கலைந்துவிடும். நான்கில் இரண்டு போனால் இரண்டு இடத்துக்கு இரண்டு டாலர். அடுத்த விநாடி அவரும் குடிமகன். ஆகவே இதைவிட நல்ல ஆள் வருவார் என்று காத்திருக்கிறார். தன் முறை வரும்போது அவரே ஒரு பெயரை ஒரு டாலருக்கு முன்மொழிந்தால் போதும், எதிர்க்கேள்வி கேட்க நாட்டில் ஆளில்லை. எனவே அப்போதும் அந்தக் கூடுதல் டாலர் செலவாவதில்லை. சுருங்கக் கூறின், அந்த டாலருக்கு எல்லோரும் பயப்படுகிறார்கள், அதனால் வாங்கக்கூடியது எதுவும் இல்லை. ஆட்சியியல் துறையினர் இதை வேறு பெயரில் ஏற்கெனவே எழுதியிருக்கக் கூடும்.

இக்கோட்பாட்டுக்கு முதன்மைச் சான்று ‘பிட்சா பெட்டிச் சாசனம்’. ஓர் அடித்தள அறையில் நடந்த ஏலத்தில் லேப்டாப் பேட்டரி தீர்ந்துபோக, கடைசி அரைமணி நேரக் கணக்கு பிட்சா அட்டைப்பெட்டியில் பால்பாயிண்ட் பேனாவால் பொறிக்கப்பட்டது. அதில் பேரரசரின் மிச்சத்துக்கு நேராக உள்ள எண்ணை நாம் 1 என்று வாசிக்கிறோம் (பெட்டி, மேல்மூடி, உட்புறம், வரி 9). இதை 7 என்று வாசிக்கும் கட்சியினரும் உளர். உச்சியில் ஒரு சிறு கொடுக்கு இருப்பதாகவும், அது 7-க்கே உரியதென்றும் அவர்கள் கூறுவர் (பெட்டி, மேல்மூடி, உட்புறம், வரி 9, எண்ணெய்க் கறைக்குக் கிழக்கே, ஒப்பிடுக: காகித நாப்கின் ‘அ’, இரண்டாம் மடிப்பு). 7 என்றால் அவர் பேரரசரே அல்லர், வெறும் சமபந்தியார். 11 டாலர் வீதம் 23 பேரை எடுத்தால் சரியாக 7 மிஞ்சும் என்பதை மேலே கண்டோம். இந்தப் பொருத்தம் 7 கட்சியினருக்கு மிகுந்த உற்சாகம் அளித்துள்ளது. எந்த லீகிலும் எவரும் 23 பேரை 11 டாலர் வீதம் எடுத்ததாகச் சான்றில்லை என்று சுட்டிக்காட்டியபோது, சான்று இல்லாமையே அது எவ்வளவு பரவலாக இருந்தது என்பதற்குச் சான்று என்றார்கள். அன்றாடம் நடப்பதை யார் எழுதிவைப்பார்கள்?

மூன்றாம் தரப்பினர் அது எண்ணே அல்ல, காய்ந்த வெங்காயத் துண்டு உதிர்ந்த தடம் என்பர் (பெட்டி, மேல்மூடி, உட்புறம், வரி 9, எண்ணெய்க் கறைக்குக் கிழக்கே, சாய்வெளிச்சத்தில் நோக்குக, உடன்பாடு: நாப்கின் ‘ஆ’, சாஸ் படியாத பகுதி, மறுப்பு: குளிர்பானக் கோப்பை, வெளிச்சுற்று, ஈரத்தால் அழிந்துவிட்டது ஆயினும் நினைவிலிருந்து கூறப்படுவது). இக்கருத்து ஒரு பன்னாட்டுக் கருத்தரங்கில் வாசிக்கப்பட்டது. அமைப்பாளரின் மைத்துனர் சிங்கப்பூரிலிருந்து ஜூமில் வந்திருந்தார். அவருடைய கேமரா அணைந்திருந்தது. தலைவர் அவரைத் தமிழ்ப் பேரறிஞர் என்று அறிமுகம் செய்தார். அவர் ஆமாம் என்றார்.

பெட்டி அசல்தானா என்ற ஐயமும் எழுப்பப்பட்டது. அடிப்பகுதி கிடைக்கவில்லை, அதில் ஒரு துண்டு பிட்சா மிச்சமிருந்ததாகவும் அதை எடுக்க யாரும் முன்வராததாகவும் செவிவழிச் செய்தி உண்டு. அதுவும் ஒரு மிச்ச டாலரே என்பது இவ்வாய்வாளரின் தாழ்மையான துணிபு. இத்துணிபை இவ்வாய்வாளர் தம் முந்தைய கட்டுரை ஒன்றில் விரிவாக நிறுவுவார். அக்கட்டுரை அடுத்த ஆண்டு வெளிவரும்.

மிஞ்சிய டாலரை என்ன செய்வது? நிஜ வாழ்க்கையில் மிச்சம் சேமிப்பு. இங்கே மிச்சம் பாவம். ஏலம் முடிந்ததும் அந்த டாலர் எதற்கும் உதவாது. சீசன் நடுவில் வீரர்களை மாற்றிக்கொள்ளத் தனிக் கஜானா உண்டு, அதில் இது சேராது. 259 டாலரில் அணி அமைத்தவரை எல்லோரும் துக்கம் விசாரிப்பதுபோல் பார்க்கிறார்கள். பேரரசருக்கு இது தெரியும். எனவே கடைசிச் சுற்றில், எஞ்சிய ஒரே இடத்துக்கு, எவரும் போட்டியிட முடியாத நிலையில், தேவையே இல்லாமல், ஒரு மாற்று கேட்சரின் பெயரைச் சொல்லி, “இரண்டு டாலர்” என்று தனக்கு எதிராகத் தானே விலையை ஏற்றி எடுக்கிறார். எல்லோரும் சிரிக்கிறார்கள். லீக் கமிஷனர் சிரித்துக்கொண்டே பெட்டியில் எழுதிக்கொள்கிறார். கையில் 9 டாலர் மிஞ்சிய இன்னொரு நாளில் இன்னொருவர் அதேபோல் “ஒன்பது” என்பார். அதையும் எழுதிக்கொள்வார்கள்.

எழுதியதை யாரும் தூக்கிப் போடுவதில்லை. மறுநாள் பேட்டரி ஏறியதும் பெட்டியிலிருந்து எக்செல்லுக்குப் போகும். சிரித்ததைக் குறிக்க எக்செல்லில் கட்டம் கிடையாது. அடுத்த மார்ச்சில் ‘நம் லீகின் விலை வரலாறு’ என்று அதே தாள் எல்லோருக்கும் அனுப்பப்படும்: மாற்று கேட்சர், 9 டாலர். லீகின் புதிய உறுப்பினர் ஒருவர், படித்தவர், அந்தத் தாளை எடுத்து, வேறு இரண்டு வருஷத்து விலைகளோடு சராசரி பார்த்து, தசமப் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் வரை திருத்தி, அதே தரத்து மாற்று கேட்சருக்கு 6.33 என்று மதிப்புப் போட்டிருக்கிறார். யாரோ அந்த கேட்சரை ஒரு டாலருக்கு முன்மொழிகிறார்கள். கூறுபவர் “ஒரு தரம்” என்று வாயெடுக்கும் முன்பே படித்தவர் கையைத் தூக்கி “ஆறு” என்கிறார். அறை திரும்பிப் பார்க்கிறது. 33 சென்ட் மிச்சம் பிடித்துவிட்டேன் என்று பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் தாளைக் காட்டுகிறார். அவர் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, எல்லாம் ஆதாரத்தோடுதான் இருக்கிறது என்று சொல்லி, “ஏழு” என்கிறார்.